தோளிலேயே இருந்த துண்டு

1

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி காஞ்சனா ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் ஊர் நகரியிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள்.

“அண்ணா, நைனாவுக்கு வர்ற வியாழக்கிழமை மொத திதி. ஐயரு சொல்ட்டாரு. உங்க ஊர்ல அது எப்ப வரும்னு கேட்டேன். அதுக்கு அவரு, அங்க இப்ப சூரியன் கீதா இல்லியான்னு என்னையே திருப்பிக் கேக்குறாரு. எனக்கு இன்னா தெரியும்? நீயே பாத்து செஞ்சிக்கோ.”

மெல்பர்னில் சூரியன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வியாழக்கிழமை காலையில் எனக்கு வகுப்பு. லீவு போடலாம்தான். அந்த வகுப்புக்கு வருகிற பிள்ளைகளிடம் முந்தின வாரமே சொல்லாமல் லீவு போட்டால், அவர்களுக்கு அந்த வாரமே இடிந்து விழுந்துவிடும். ஐயருக்கு அதைப் புரியவைக்க முடியாது. ஆகவே காலையில் திதி, அப்புறம் வகுப்பு என்று முடிவு செய்தேன்.

நகரிப் பக்கம் யாராவது என்னைக் கேட்டால், “அவரு ஆஸ்திரேலியால கம்ப்யூட்டர்ல கீறாரு” என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வந்தது அதற்குத்தான். அதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது கிடார் சொல்லிக்கொடுக்கிறேன். நைனாவிடம், அதாவது எங்கள் அப்பாவிடம், இந்த விஷயத்தைச் சொன்னபோது, “கிடார் சொல்லிக் குடுக்கறதுக்காடா ஏரோப்ளேன் ஏறிப் போனே? ரேணிகுண்டாலயே குந்திக்கினு சொல்லிக் குடுத்திருக்கலாமே” என்றார். நியாயமான கேள்வி.

2

என் மாணவர்கள் ஐந்து பேர். எல்லாரும் இருபதைத் தாண்டியவர்கள். எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்கள். அதில் ஒருவன் என் மகன் கதிர். ‘பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு டொய்ங் டொய்ங் என்று ஏதோ சொல்லிக்கொடுக்கிறான் போல’ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆலிவர் என்கிற பையன் ஒரு பாட்டை ஒருதரம் கேட்டால் போதும், அதில் வருகிற கிடார் முழுவதையும், வாசித்தவர் விரல் வழுக்கிய இடம் உட்பட, அப்படியே வாசித்துவிடுவான். விரல் வேலையில் எனக்கே அவன் குருவாக இருக்கலாம். அவர்கள் என்னிடம் வருவது வேறொன்றுக்காக. எழுதி வைக்காததை, அந்த நேரத்தில் பிறப்பதை வாசிக்க. நம்ம ஊரில் மனோதர்மம் என்று சொல்வார்களே, அது.

முதல் நாள் வழக்கமான வாத்தியார்போல, “உனக்குத் தோணுறத வாசி” என்றேன்.

“எனக்கு எதுவும் தோணல,” என்றான் ஆலிவர். “எந்தக் கம்பி? எத்தனை சுற்று? எப்போ நிறுத்தணும்?”

யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதுதான் சரி. மற்றவர்களுக்கு இந்த மூன்று கேள்விக்கும் பதில் பக்கத்தில் இருப்பவன் முகத்திலிருந்து கிடைத்துவிடுகிறது. கண்ணைக் காட்டுகிறான், புருவத்தைத் தூக்குகிறான், தலையை ஆட்டுகிறான். இவர்களுக்கு முகம் அவ்வளவு சுலபமாகப் பேசுவதில்லை. கற்பனையில் ஒரு குறையும் கிடையாது. குறுக்கே நிற்பது மற்றவர்களுடைய ஊமைச் சாடைதான்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஐந்தே ஐந்து ஸ்வரம். ஒருத்தர் ஒரு வரி வாசித்துக் கேட்க வேண்டும், மற்றவர் பதில் வாசிக்க வேண்டும். கேட்காமல் பதில் இல்லை. கேட்ட வரியையே வாங்கி அதில் ஒன்றை மட்டும் மாற்றலாம், தாளத்தையோ கடைசி ஸ்வரத்தையோ. எதை மாற்றினாய் என்று அப்புறம் சொல்ல வேண்டும். தப்பான ஸ்வரத்தில் விரல் விழுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, கிடார் கழுத்தில் பக்கத்துக் கட்டைக்கு விரலை இழுத்துக்கொண்டு போனால் சரியான ஸ்வரம் அங்கேதான் இருக்கும். இந்தக் கடைசி விதிக்குப் பழக ஆலிவருக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. ஒரு ஸ்வரம் பிசகினால் கிடாரைக் கீழே வைத்து, எழுந்து, சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வந்து முதலிலிருந்து தொடங்குவான். இப்போது பிசகு வந்தால் இழுக்கிறான். அந்த இழுப்பில் ஒரு அழுகை இருக்கிறது. எனக்கு அது வராது.

ஹாலில் டியூப்லைட் போட மாட்டோம். அது இரைகிறது, அதுவும் சுருதி சேராமல் இரைகிறது என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் வெளிச்சம்தான். நாற்காலிகள் போன வாரம் எங்கே இருந்தனவோ அங்கேயே இருக்க வேண்டும். என் வலது தோளில் ஒரு துண்டு இருக்க வேண்டும். எப்போது நிறுத்தணும் என்ற கேள்விக்குப் பதில் அந்தத் துண்டு.

3

துண்டு என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. ரேணிகுண்டா பாஷாண்ணனுடையது.

நான் திருப்பதியில் காலேஜ் படித்துக்கொண்டே கல்யாண மண்டபங்களில் வாசித்துக்கொண்டிருந்தேன். பாஷாண்ணன்தான் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் தலைவர், டிரம்ஸும் அவரே. முகூர்த்த நாளில் திருப்பதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் ஏதாவது ஒரு பஸ்ஸுக்கும் யாத்திரைக்காரர்கள் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். மண்டபத்தில் பாட்டு முடிந்துவிடும், மாப்பிள்ளை வந்திருக்க மாட்டார். அப்போது மேடை சும்மா இருந்தால் பெண் வீட்டார் முகம் வாடிவிடும். அதனால் பாட்டு முடியாது. கிடார்க்காரன் நடுவில் புகுந்து இழுத்துக்கொண்டே போக வேண்டும். மாப்பிள்ளை வருகிற வரைக்கும், அவர் எங்கே வருகிறார் என்பதே தெரியாமல்.

பாஷாண்ணனுக்கு இரண்டு கையும் டிரம்ஸில். சைகை காட்டக் கை இல்லை. அதனால் தோளில் ஒரு துண்டு போட்டுக்கொள்வார். மாப்பிள்ளை கார் வாசலுக்கு வந்ததும் தோளை ஒரு குலுக்குக் குலுக்குவார், துண்டு மடியில் விழும். அந்தச் சுற்றை முடித்து எல்லாரும் ஒன்றாக இறங்கிவிட வேண்டும். அதுவரை நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், “இங்கோ ரவுண்டுரா, இங்கோ ரவுண்டு” என்பார். இன்னொரு சுற்று போடு என்று அர்த்தம். ஒருதரம் நான் மெய்மறந்து வாசித்துத் துண்டு விழுந்ததைப் பார்க்கவில்லை. எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நான் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வாசலில் ஆரத்திக்கு நிற்கிறார்.

“நீ வாசிக்கறது நல்லாத்தாண்டா கீது,” என்றார் பாஷாண்ணன், வேனில் போகும்போது. “ஆனா எறங்கத் தெரியாதவன மேல ஏத்தக் கூடாது.”

ஒருநாள் வகுப்பில் பேச்சு வாக்கில் நானும் “இங்கோ ரவுண்டு” என்று சொல்லிவிட்டேன். அது கிடாரில் ஏதோ ஒரு கலைச்சொல் என்று ஐந்து பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஆலிவர் வேறொரு இசைக்குழுவில் போய் அங்கிருந்த வெள்ளைக்காரர்களிடம் “இங்கோ ரவுண்டு” என்று அதட்டியிருக்கிறான். அவர்களுக்குத் தெரியாததில் அவனுக்கு ரொம்ப வருத்தம்.

4

கதிருக்கு நான்கு வயது நடக்கும்போதுதான் அவனுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதுவரை அவன் பேசிய சொற்கள் குறைவு, எல்லாம் தமிழ். ஒரு அறையில் எங்களை உட்காரவைத்து ஒரு அம்மாள் மிகவும் அன்பாகச் சொன்னார், “ரெண்டு மொழி வேண்டாம். குழந்தை குழம்பும். வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்.” நானும் என் மனைவி சுமதியும் தலையாட்டிவிட்டு வந்தோம். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சுமதி புத்தூர்க்காரி, தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுகிறவள். அவள் அடுப்படியில் நின்றுகொண்டு “கம் அண்ட் ஈட்” என்று கூப்பிட்டபோது, யாரோ வேற்று மனுஷி வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது.

பல வருஷம் கழித்து அதே இடத்தில் வேறொருவர், “அதெல்லாம் பழைய கருத்து, உங்கள் மொழியிலேயே பேசியிருக்கலாமே” என்று அதே அன்போடு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் காட்டுவது? முதலில் சொன்ன அம்மாள் ரிடையர் ஆகிவிட்டாராம். அதற்குள் கதிர் இங்கிலீஷில் மட்டும் பேசுகிற, இங்கிலீஷில் மட்டும் கோபப்படுகிற பையனாக வளர்ந்திருந்தான்.

இதில் அடிபட்டவர் நைனாதான். அவருக்கு இங்கிலீஷ் வராது. நகரியில் வீட்டோடு இரண்டு விசைத்தறி வைத்திருந்தவர். ஆயுசு முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்து காது மந்தமாகிவிட்டது. கதிர் ஏழு வயதில் ஒரே ஒரு முறை நகரிக்கு வந்தான். ரேணிகுண்டாவில் விமானம் விட்டு இறங்கியதிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு அழுதவன், வீட்டில் தறி ஓடுகிற இடத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டான். போகிற நாள்வரை அந்தத் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சடக் சடக், சடக் சடக். கொஞ்சமும் மாறாத தாளம், அதில் இவனுக்கு ஏதோ ஒரு நிம்மதி. நைனா வேலை செய்துகொண்டே அவனைப் பார்த்து, “துன்னியா நைனா?” என்று கத்துவார், சாப்பிட்டாயா என்று. எங்கள் பக்கம் அப்பாவும் நைனா, ஆசைக்கு மகனும் பேரனும் நைனா. “துன்னேன்னு சொல்லு” என்று காஞ்சனா சொல்லிக்கொடுத்தாள்.

அது ஒட்டிக்கொண்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் நைனா முகம் வந்ததும், “துன்னியா நைனா?” சத்தமென்றாலே சுருங்கிப்போகிற கதிர், தாத்தாவுக்குக் காது கேட்காது என்பதால் தொண்டை கிழியக் கத்துவான், “துன்னேன்!” உடனே நைனா சிரித்துக்கொண்டே போனைத் தறிப்பக்கம் திருப்பிவிடுவார். கதிர் அந்தச் சடக் சடக்குக்குக் கிடார் வாசிப்பான். நைனாவுக்கு அது கேட்டிருக்காது. அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தாத்தாவும் பேரனும் அத்தனை வருஷம் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

5

நைனாவைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் காஞ்சனா சொன்னபோது நான் அன்றே கிளம்புவதாக இருந்தேன். நைனா போனை வாங்கி, “நீ மட்டும் வந்து இன்னா பண்ணப் போறே? புள்ளய இட்டுக்கினு வா. அவனப் பாக்கணும்” என்றார்.

கதிருக்கு விசா வேண்டும். விசாவுக்குப் படம் வேண்டும். கேமராவை நேராகப் பார்க்க வேண்டும், இரண்டு கண்ணும் தெரிய வேண்டும், முகம் திரும்பக் கூடாது. கதிர் எதையும் நேராகப் பார்க்க மாட்டான், அவனுக்கு அது வலிக்கும். ஸ்டூடியோவில் எடுத்தோம், வீட்டில் எடுத்தோம், சுமதி கேமராவுக்குப் பின்னால் கிடாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க எடுத்தோம். அனுப்பிய படமெல்லாம் திரும்பி வந்தது. மருத்துவச் சான்று இணைத்து விளக்கம் எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதற்கு மேல் யாரைக் கேட்பது என்று தெரியாமல் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒரு பிற்பகல் காஞ்சனா கூப்பிட்டாள். திருப்பதியில் காலை. “அண்ணா, நைனாக்குப் பேச்சு நின்னுப்போச்சு. கண்ணு மட்டும் தொறந்து கீது. கதிர் எதுனா வாசிக்கட்டும். நா காதுகிட்ட வெக்கிறேன்.”

கதிரை உட்காரவைத்தேன். நானும் கிடாரோடு எதிரில் உட்கார்ந்தேன். நாங்கள் சேர்ந்து வாசிக்கும்போதெல்லாம் செய்வதுபோல் கை தானாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டது. போனில் நைனாவின் முகம். கதிர் காத்திருந்தான்.

“வாசிப்பா,” என்றேன்.

“தாத்தா இன்னும் துன்னியான்னு கேக்கல,” என்றான் இங்கிலீஷில்.

கேட்காமல் பதில் இல்லை. நான் வைத்த விதி. நைனாவின் உதடு அசையவில்லை. காஞ்சனா அழ ஆரம்பித்திருந்தாள். நான் என் கிடாரில் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு தட்டினேன். சடக் சடக், சடக் சடக். கதிர் தலை நிமிர்ந்தது. தறி ஓடுகிறது என்றால் தாத்தா போனைத் திருப்பிவிட்டார் என்று அர்த்தம். வாசிக்கத் தொடங்கினான்.

அப்படி ஒரு வாசிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஒரு சின்ன வரியை எடுத்தான், கேள்வி மாதிரி மேலே போய் நிற்கிற வரி. அதையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு இடம் விட்டான். அந்த இடத்தில் தறி மட்டும் ஓடியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

“போதும்ணா,” என்றாள் காஞ்சனா. “நிறுத்தச் சொல்லு. நைனா போய்ட்டாரு.”

நான் தோளைக் குலுக்கியிருக்க வேண்டும். முடியவில்லை. துண்டு விழுந்தால் முடிந்துவிடும், முடிந்தது என்று நானே சொன்னதாகிவிடும். காஞ்சனா போனை வைத்துவிட்டாள். நான் தறியை ஓட்டிக்கொண்டே இருந்தேன், கதிர் வாசித்துக்கொண்டே இருந்தான். ஜன்னல் இருட்டியது. அவனுடைய சாப்பாட்டு அலாரம் அடித்தது. வரியின் பாதியில் கிடாரைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

விசா இரண்டு நாள் கழித்து வந்தது.

6

இந்த ஒரு வருஷமும் வியாழக்கிழமை வகுப்பில் கதிர் முறை வந்தால் அந்த வரியைத்தான் எடுப்பான், விட்ட இடத்திலிருந்து. நான் தறி ஓட்டுவேன். அவன் நேரம் தீர்ந்ததும் பாதியில் நிறுத்துவான். ஆலிவருக்கு இது பொறுக்காது.

“இது முடியவே இல்லை. எங்களுக்கு மட்டும் துண்டைக் கீழே போடுறீங்க, அவனுக்கு ஏன் போடுறதில்லை?” என்று கேட்பான். ஏதாவது சொல்லி மழுப்புவேன். ஆலிவரிடம் மழுப்ப முடியாது, அடுத்த வாரமும் அதே கேள்வி வரும்.

இன்று காலை நைனா படத்துக்கு முன்னால் சுமதி இலை போட்டாள். வடை, பாயசம், நைனாவுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் கொத்சு. பின்வாசலில் வைத்த சோற்றுக்குக் கறுப்பும் வெள்ளையுமாக இந்த ஊர்ப் பறவை ஒன்று வந்தது. “இது காக்கா இல்லியே,” என்றேன். “எதுவா இருந்தா இன்னா? பசிக்கு வந்துச்சில்ல,” என்றாள் சுமதி. கதிர் இலையையும் தாத்தா படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிடாரை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினோம்.

வகுப்பில் அவன் முறை வந்தது. நான் கம்பிகளை அமுக்கித் தட்டத் தொடங்கினேன். சடக் சடக், சடக் சடக். அவன் அந்த வரியை எடுத்தான். மேலே போய் நின்றது, இடம் விட்டான். மறுபடி எடுத்தான், இடம் விட்டான். ஒரு வருஷமாக இந்தப் பிள்ளை ஒரு பதிலுக்காக இடம் விட்டுக்கொண்டிருக்கிறான். நான் இறங்காததால் அவனும் மேலேயே நிற்கிறான். ஆலிவர் வழக்கம்போல என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தோளைக் குலுக்கினேன். துண்டு மடியில் விழுந்தது.

கதிர் அதைப் பார்த்தான். கையிலிருந்த சுற்றை அவசரப்படாமல் முடித்தான். அந்த வரி முதல்முறையாக மேலே போகாமல் கீழே திரும்பியது, படிப்படியாக இறங்கி, அடிக்கம்பியில் வந்து நின்றது. நானும் தறியை நிறுத்தினேன். அவன் கம்பியின்மேல் கை வைக்காமல் நாதம் தானாக அடங்கும்வரை விட்டான். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, ஹால் அதிரக் கத்தினான்.

“துன்னேன்!”

மற்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆலிவர் மட்டும் பொத்தவில்லை. “இப்போ முடிஞ்சுதா?” என்று கேட்டான். கதிர் தலையாட்டினான். நான் மடியிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். அவர்கள் முன்னால் அழுததில் எனக்கு வெட்கம் இல்லை. எதற்கு அழுகிறாய் என்று யாரும் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் காஞ்சனாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பின்னால் யார் வீட்டிலோ தறி ஓடிக்கொண்டிருந்தது.

“சத்தமா சொன்னானாண்ணா?” என்றாள். “நைனாக்குக் காது கேக்காதே.”

“சத்தமாத்தாம்மா சொன்னான்,” என்றேன்.